அஸ்வெசும நின்றுபோன வீட்டில் நோய் நுழையாமல் பார்த்துக்கொள்வது: ஊர்ச் சங்கங்களுக்கான முழுமையான வழிகாட்டி

அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவின் பட்டியலில் பெயர் விழவில்லை, அல்லது கொடுப்பனவுக் காலம் முடிந்துவிட்டது என்று தெரிந்ததும் எல்லோரும் முதலில் ஓடுவது பிரதேச செயலகத்துக்குத்தான். ஓடத்தான் வேண்டும். ஆனால் மேன்முறையீட்டுக்குப் பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குள் வீட்டில் முட்டை நின்று, பிரஷர் குளிசை பாதியாகி, பிள்ளையின் நிறைக்கோடு தட்டையாகிவிடும். பிறகு நிலுவையோடு காசு வந்தாலும் அந்தப் பிள்ளை வளராமல் விட்ட ஆறு மாதத்தை அந்தக் காசால் வாங்க முடியாது. அதனால் இரண்டு வேலையையும் ஒரே கிழமையில் தொடங்குங்கள். ஒன்று, காசைத் திரும்பப் பெறும் வேலை. மற்றது, காசு இல்லாத இடைக்காலத்தில் உடம்பைக் காப்பாற்றும் வேலை. இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி இரண்டாவதைப் பற்றியது, ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், தாய்மார் ஆதரவுக் குழு, மரண உதவிச் சங்கம், கோவில் அல்லது பள்ளிவாசல் நிர்வாகம், பாடசாலை ஆசிரியர்கள் என்று ஊரில் ஏற்கெனவே இயங்கும் யாரும் இதைச் செய்யலாம். புதிதாக ஒரு அமைப்புத் தொடங்க வேண்டாம். ஐந்தாறு பேர், ஒரு கொப்பி, ஒரு தொலைபேசி போதும்.

முதலில் கொஞ்சம் பழைய கதை

இலங்கையில் உதவி வெட்டப்படுவது இது முதல் தடவை இல்லை. 1942இல் தொடங்கிய அரிசிப் பங்கீடு பல தலைமுறைகளின் வயிற்றைக் காத்தது. 1953இல் அரிசி மானியத்தில் கைவைத்து, கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமானபோது ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்தது, பிரதமரே பதவி விலகினார். 1973-74 உணவு நெருக்கடியில் பங்கீடு குறைக்கப்பட்டபோது தேயிலைத் தோட்டப்புறங்களில் இறப்பு வீதம் மற்ற இடங்களை விட மிகக் கூர்மையாக ஏறியது. கூலியைத் தவிர வேறு பிடிமானம் இல்லாதவர்கள், காணி இல்லாதவர்கள், முதலில் விழுந்தார்கள். 1979இல் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. முத்திரையின் பெறுமதி ரூபாவில் அப்படியே நிற்க, விலைவாசி மட்டும் ஏறியது. சில வருடங்களிலேயே அதன் வாங்கும் சக்தி ஏறக்குறையப் பாதியானது. யாரும் வெட்டாமலே ஒரு உதவி குறைய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

1995இலிருந்து இருந்த சமுர்த்தி நிவாரணத் திட்டத்தின் இடத்துக்கு 2023 ஜூலையில் அஸ்வெசும வந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94 வீதத்தைத் தாண்டியிருந்த காலத்துக்குச் சற்றுப் பின். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என ஆறு தலைப்புகளில் 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பங்களை எடைபோட்டு நான்கு வகையாகப் பிரித்தார்கள். மிக வறியவர்களுக்கு மாதம் 15,000 ரூபா, வறியவர்களுக்கு 8,500, பாதிப்புறக்கூடியவர்களுக்கு 5,000, கடைசி வகையினருக்கு 2,500. (2025இல் முதல் இரண்டு வகையும் 17,500, 10,000 என்று கூட்டப்பட்டன.) கடைசி இரண்டு வகைகளுக்கும் ஆரம்பத்திலேயே முடிவுத் திகதி போடப்பட்டது. பிறகு அது நீட்டப்பட்டது, மறுபடி நீட்டப்பட்டது. ஆனால் ‘அடுத்த மாதம் வருமா’ என்று தெரியாமல் அரிசி வாங்குவதே ஒரு தனி வருத்தம். முதல் பட்டியல் வெளிவந்ததும் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் போயின. அத்தனை பேரும் பொய் சொன்னார்கள் என்று யாரும் நம்பப் போவதில்லை.

படி 1: பட்டியல் போடுங்கள், ஆனால் கத்திக்கொண்டு போடாதீர்கள்

யாருக்கு நின்றது, யாருக்குக் குறைந்தது என்று கிராம அலுவலரான விதானையாருக்கும் சமுர்த்தி உத்தியோகத்தருக்கும் தெரியும். அவர்களிடம் முழுப் பட்டியலும் கேட்டால் தரமாட்டார்கள், தரவும் கூடாது. வீடு வீடாக நீங்களே போய் விசாரிப்பதுதான் வழி. போகும்போது ‘உங்களுக்குக் காசு நிண்டிட்டுதாமே’ என்று படலையில் நின்று கேட்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் காது கொடுத்துக்கொண்டிருப்பார்.

கொப்பியில் ஒவ்வொரு வீட்டுக்கும் நான்கு கேள்வி போதும். கர்ப்பிணியோ பாலூட்டும் தாயோ உண்டா? ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உண்டா? மாதாந்தம் கிளினிக் போகும் நோயாளி உண்டா? தனியாக இருக்கும் முதியவரோ மாற்றுத்திறனாளியோ உண்டா? நான்கில் ஒன்றுக்கு ‘ஓம்’ என்றால் அந்த வீடு முதல் வரிசை. இரண்டுக்கு ‘ஓம்’ என்றால் அன்றைக்கே அடுத்த படிக்குப் போக வேண்டிய வீடு. மற்றவர்களை விட்டுவிடச் சொல்லவில்லை. கையில் இருக்கும் ஆளும் நேரமும் குறைவு, அவ்வளவுதான்.

தோட்டங்களில் லயத்துக்கு லயம் ஒருவரைப் பொறுப்பாகப் போடுங்கள். பிள்ளைக் காம்பராவில் இருக்கும் பிள்ளை பராமரிப்பாளருக்கு யார் வீட்டுப் பிள்ளை காலையில் வெறும் பிளேன்டீயோடு வருகிறது என்பது எந்தக் கணக்கெடுப்பையும்விட நன்றாகத் தெரியும்.

படி 2: மேன்முறையீட்டை அதே கிழமையில் போடுங்கள்

மேன்முறையீட்டுக்குக் கால எல்லை இருக்கும். விண்ணப்ப இலக்கத்தை எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்தின் நலன்புரி நன்மைகள் பிரிவுக்குப் போங்கள். இணையத்தில் போட முடிந்தவர்கள் அப்படியே போடலாம். எப்படிப் போட்டாலும் பற்றுச்சீட்டோ இலக்கமோ வாங்காமல் வராதீர்கள்.

‘நாங்கள் கஷ்டப்பட்ட குடும்பம்’ என்று இரண்டு பக்கம் எழுதுவதால் எதுவும் மாறாது. 22 குறிகாட்டிகளில் எது தவறாகப் பதிவானது என்று தேடிப் பிடிக்க வேண்டும். பழுதாகி மூன்று வருடமாக மாமரத்தடியில் நிற்கும் மோட்டார் சைக்கிள் இன்னும் சொத்தாக நிற்கலாம். கல்யாணம் செய்து வேறு வீட்டுக்குப் போன மகனின் சம்பளம் இங்கே சேர்ந்திருக்கலாம். ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் மின்சாரம் எடுத்தால் பாவனை இரட்டிப்பாகத் தெரியும். நோயாளி இருந்தும் ‘நோய் இல்லை’ என்று புள்ளடி விழுந்திருக்கலாம். தவறு எதுவென்று கண்டதும் அதற்குரிய ஒரே ஒரு சான்றை இணைத்தால் போதும். மின் கட்டணப் பட்டியல், கிளினிக் கொப்பியின் பிரதி, விதானையாரின் வதிவிடக் கடிதம், எது பொருந்துகிறதோ அது.

70 வயதைத் தாண்டிய முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர்களுக்கான உதவிகள் தனியாகக் கணக்கிடப்பட்டவை. குடும்பக் கொடுப்பனவு நின்றதும் எல்லாமே நின்றது என்று நினைத்துப் பேசாமல் இருப்பவர்கள் நிறையப் பேர். ஒவ்வொன்றையும் தனித்தனியாக விசாரியுங்கள்.

‘அவனுக்குக் கிடைத்தது, எனக்கு இல்லை’ என்று இன்னொரு வீட்டுக்கு எதிராக ஆட்சேபனை போடவும் முறையில் இடம் உண்டு. சங்கமாக நீங்கள் அந்த வேலையில் இறங்காதீர்கள். ஒரு ஆட்சேபனை போட்டால் அந்த ஊரில் அடுத்த குழுச்சமையலுக்கு யாரும் அரிசி தரமாட்டார்கள்.

படி 3: வீடு எதை முதலில் வெட்டுகிறது என்று பாருங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டும்.

கடையில் கடன் கொப்பி வைத்திருக்கும் வீட்டில், வீட்டுக்காரர் சம்மதித்தால், கொடுப்பனவு வந்த ஒரு மாதப் பக்கத்தையும் நின்ற பிறகு வந்த ஒரு மாதப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதலில் முட்டை காணாமல் போகும். அதற்கு முன்னமே மீன், ‘ஞாயிற்றுக்கிழமை மட்டும்’ ஆகியிருக்கும். பிறகு பால்மா 400 கிராம் பைக்கற் மறைந்து, சிறிய பைக்கற் வரும், அதுவும் நிற்கும். பருப்பு கால் கிலோவாகும். சவர்க்காரம் ஒன்றாகும். அரிசியும் மாவும் சீனியும் மட்டும் கடைசி வரை அசையாது. அதாவது வயிறு நிறையும், சத்து போய்விடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ‘அவர்கள் மூன்று நேரமும் சாப்பிடத்தானே செய்கிறார்கள்’ என்று தோன்றும்.

கடைக் கொப்பியில் தெரியாதவையும் உண்டு. கிளினிக் போகும் பஸ் காசு, வெளியில் வாங்கச் சொல்லி எழுதித் தந்த மருந்து, தண்ணீர் கொதிக்க வைக்கும் எரிபொருள். 2022இல் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபாவுக்குப் போனபோது, விறகு பொறுக்க இடமில்லாத வீடுகள் செய்த முதல் சிக்கனம் கொதித்தாறிய தண்ணீரை நிறுத்தியதுதான். வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்கு உண்மையில் என்ன நடந்தது என்று வைத்தியசாலைத் துண்டில் எழுதியிருக்காது.

இன்னொன்று, அம்மாவின் சாப்பாடு. கடைசியில் சாப்பிடுபவள் அவள், முதலில் குறைவதும் அவள் தட்டுத்தான். ‘நேற்று இரவு நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள்?’ என்று அவளை மட்டும் தனியாகக் கேளுங்கள். ‘நாங்கள்’ என்று பதில் தொடங்கினால் மறுபடி கேளுங்கள்.

படி 4: ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள்

2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 17.3 வீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 15.1 வீதம் உயரத்துக்கேற்ற நிறை இல்லாதவர்கள். நுவரெலியா மாவட்டத்தில் உயரக் குறைபாடு 32 வீதத்தைத் தாண்டியது. இது நெருக்கடிக்கு முன்னைய கணக்கு. ஆகவே பல வீடுகளில் பிள்ளைக்கு இழப்பதற்கு மேலதிகமாக எதுவும் இல்லை.

இரண்டு வயது வரை மாதத்துக்கொரு முறை நிறை பார்க்க வேண்டும். பிள்ளையின் கிளினிக் கொப்பியைத் திறந்தால் நடுவில் நிறங்களோடு ஒரு வரைபடம் இருக்கும். பலர் புள்ளி எந்த நிறத்தில் விழுந்தது என்று மட்டும் பார்க்கிறார்கள். அதைவிடக் கோடு போகும் திசையைப் பாருங்கள். பச்சைக்குள் இருந்தாலும் இரண்டு மாதமாகக் கோடு தட்டையாகப் போனால் அந்தப் பிள்ளை சரிந்துகொண்டிருக்கிறது. கொடுப்பனவு நின்ற மாதத்தைப் பென்சிலால் அந்த வரைபடத்தில் குறித்துவிடுங்கள். மிட்வைஃபிடம் (ஊருக்குப் பொறுப்பான குடும்பச் சுகாதார மருத்துவிச்சி) காட்டும்போது அந்த ஒரு கோடு பேசும், நீங்கள் விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

கிளினிக் தூரமாக இருந்தால் கையின் மேற்பகுதிச் சுற்றளவை அளக்கும் நாடா உதவும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான பிள்ளைக்குத் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, இடக்கையில், கையைத் தொங்கவிட்டுச் சுற்ற வேண்டும். இறுக்கக் கூடாது. 12.5 சென்ரிமீற்றருக்குக் கீழே வந்தால் அந்தக் கிழமைக்குள் மிட்வைஃப், 11.5க்குக் கீழே வந்தால் அன்றைக்கே வைத்தியசாலை. இரண்டு காலிலும் வீக்கம் இருந்து, விரலால் அமுக்கினால் குழி விழுந்தால் நாடாவே தேவையில்லை, உடனே கொண்டுபோங்கள். கடுமையான போஷாக்கின்மைக்கு பி.பி.-100 என்ற விசேட பிஸ்கட்டை வைத்தியர் தருவார். அது மருந்து. அண்ணன் தம்பிகளுக்குப் பங்கு வைக்கும் தின்பண்டம் இல்லை.

பங்கு வைப்பதைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். 1973இலிருந்து இருக்கும் திரிபோஷா என்ற அரச சத்துமா, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கிளினிக்கில் கிடைக்கிறது. காசு நின்ற வீட்டில் அந்த 750 கிராம் பைக்கற் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும், ஏனென்றால் வீட்டில் எல்லோருக்கும் அதுதான் காலைச் சாப்பாடு. அம்மாவை ஏசிப் பயனில்லை. பெரிய பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கச் சின்னதுக்கு மட்டும் உருண்டை பிடித்து ஊட்ட எந்தத் தாய்க்கும் முடியாது. மற்றவர்களுக்குக் காலையில் வேறொன்று கொடுக்க வழி செய்தால் திரிபோஷா உரிய வாய்க்குப் போகும். அவித்த கௌபி, கடலை, இலைக்கஞ்சி எதுவாகவும் இருக்கலாம்.

திரிபோஷா கிடைக்காத மாதங்களும் வரும். 2022இல் சோளத் தட்டுப்பாட்டாலும் பூஞ்சண நச்சுப் பிரச்சினையாலும் அப்படி நடந்தது. அப்போது நம்முடைய சத்துமா இருக்கிறது. புழுங்கலரிசி இரண்டு பங்கு, பயறு ஒரு பங்கு, உழுந்தோ சோயாவோ அரைப் பங்கு, கொஞ்சம் எள்ளு. தனித்தனியாக வறுத்து, ஆறவிட்டு, திரித்து, அரித்து வையுங்கள். இரண்டு கிழமைக்கு மேல் தேவையானதைத் திரிக்காதீர்கள். கறுத்த, பூஞ்சணம் பிடித்த கடலையையும் சோளத்தையும் ‘வறுத்தால் சரியாகிவிடும்’ என்று சேர்க்காதீர்கள். அந்த நச்சு வறுப்பதால் போகாது.

படி 5: கர்ப்பிணிகள்

கிளினிக்கில் பதிந்தால்தான் திரிபோஷாவும், கர்ப்பிணிகளுக்கான போஷாக்குக் கொடுப்பனவும், இரும்புச்சத்துக் குளிசையும் கிடைக்கும். அஸ்வெசும இல்லாத வீட்டுப் பெண்ணுக்கும் இவை உரியவை. காசு இல்லை என்ற வெட்கத்தில் பதிவதைத் தள்ளிப்போடுபவர்களைத் தேடிப் பிடித்துக் கூட்டிப் போங்கள்.

குளிசை கிடைத்தும் குருதியளவு ஏறவில்லை என்றால் தேநீரும் ஒரு காரணமாக இருக்கலாம். இரும்புக் குளிசைக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் தேநீர் வேண்டாம். கல்சியம் குளிசையோடு சேர்த்தும் விழுங்க வேண்டாம், ஒன்று காலையில் என்றால் மற்றது இரவில். தேசிக்காய்த் தண்ணீரோடு எடுத்தால் நல்லது. ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் அது குருதிச்சோகை. மிட்வைஃப் வீட்டுக்கு வரும் நாளைக் கேட்டு வைத்து அன்றைக்குக் கர்ப்பிணியை வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். தோட்டத்தில் பேர் விழவேண்டும், அதாவது அன்றைய நாட்சம்பளம் பதிவாக வேண்டும் என்பதற்காகக் கொழுந்தெடுக்கப் போய்விடுவாள், வந்த மிட்வைஃப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவார்.

படி 6: இருக்கும் காசில் பானை

‘போஷாக்கான உணவு உண்ணுங்கள்’ என்ற சுவரொட்டியில் அப்பிள் படம் போட்டிருக்கும். அதை மறந்துவிடுங்கள்.

காசு குறைந்த வீட்டுக்கு நான் சொல்வது மூன்றே காரியம். முதலாவது, நாளுக்கு ஒரு தடவையாவது பருப்பு வகை, அது பருப்பாகவோ பயறாகவோ கௌபியாகவோ இருக்கலாம். ஊற வைத்தால் விறகும் மிச்சம். இரண்டாவது, முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை, அகத்தி, கங்குன் எதுவாவது ஒரு கீரை. தேங்காய்ப்பூவோடு சுண்டினால் அதற்குள் இருக்கும் விற்றமின் ஏ உடம்பில் சேரும். மூன்றாவது, நெத்தலிக் கருவாடு. நூறு கிராம் வாங்கி, கழுவி, வறுத்து, இடித்துப் போத்தலில் வைத்தால் ஒரு தேக்கரண்டி பிள்ளையின் சோற்றில் போதும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு என்றால் உப்பில்லாத நெத்தலியாகப் பாருங்கள், இல்லாவிட்டால் சுடுதண்ணீரில் இரண்டு தரம் அலசுங்கள்.

குழந்தைக்குக் கொடுக்கும் கஞ்சி கரண்டியிலிருந்து ஓடக் கூடாது. காசில்லாத வீட்டில் கஞ்சி நீளும், நீண்ட கஞ்சியில் வயிறு நிறையும், நிறை ஏறாது. ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டால் அதே கஞ்சியின் சக்தி கூடும். தாய்ப்பால் கொடுப்பவள் நிறுத்தி, கடன் பட்டுப் பால்மா வாங்கத் தேவையே இல்லை.

ஊரில் குழுச்சமையல் செய்வதாக இருந்தால் கிழமையில் மூன்று நாள் ஒழுங்காக நடப்பது, ஒரு நாள் விருந்துபோல் நடப்பதைவிடப் பெரியது. பிள்ளைகளோடு அம்மாவும் இருந்து சாப்பிடட்டும். வரிசையில் நிறுத்திப் படமெடுத்து முகநூலில் போடும் பழக்கத்தை முதல் நாளே தடை செய்யுங்கள். ஒரு படம் போட்டாலே அடுத்த நாள் வராமல் விடும் வீடு, அதிகம் தேவைப்பட்ட வீடாகத்தான் இருக்கும்.

படி 7: கிளினிக் கொப்பி உள்ளவர்கள்

அரச வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம். அங்கே போய்ச் சேர்வது இலவசமில்லை. சீனி வருத்தம், பிரஷர், இருதய நோய் உள்ளவர்கள் காசு குறைந்ததும் செய்வது இரண்டு. கிளினிக்கை ஒரு மாதம் விடுவார்கள், அல்லது ஒரு மாதக் குளிசையை இரண்டு மாதத்துக்கு நீட்டுவார்கள். இரண்டும் பாரிசவாதத்திலோ மாரடைப்பிலோ போய் முடியலாம், அப்போது செலவாகும் காசு பஸ் காசைப் போல நூறு மடங்கு.

பட்டியலில் உள்ள ஒவ்வொரு நோயாளியின் கிளினிக் திகதியையும் கொப்பியில் எழுதுங்கள். ஒரே திகதியில் நான்கு பேர் போவதாக இருந்தால் ஒரு ஆட்டோ பிடித்து, செலவைச் சங்கம் ஏற்கலாம். அரிசிப் பொதி கொடுப்பதைவிட இந்த ஆட்டோ உயிர் காக்கும் என்பது என் அபிப்பிராயம். எழுந்து நடக்க முடியாதவருக்கு வீட்டார் ஒருவர் கொப்பியைக் கொண்டுபோய் மருந்து எடுக்க முடியுமா என்று கிளினிக்கிலேயே கேளுங்கள்.

மருந்து இல்லை, வெளியில் வாங்குங்கள் என்று துண்டு தந்தால், அதே இடத்தில் நின்று ஒரு கேள்வி கேட்க வேண்டும்: ‘டொக்டர், இதில் கட்டாயம் வாங்க வேண்டியது எது?’ ஐந்து மருந்தில் இரண்டு விற்றமினாக இருக்கலாம். மருந்தின் வியாபாரப் பெயரை விட்டு மூலப் பெயரில் எழுதித் தரச் சொல்லுங்கள். அரச மருந்தகமான ஒசுசலவில் விலை பொதுவாகக் குறைவு. பேராசிரியர் சேனக பிபிலே அன்றைக்குப் போராடி அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை உருவாக்கியது இதற்காகத்தான்.

இன்சுலின் போடுபவர் வைத்தியரைக் கேட்காமல் ஊசியை விடவே கூடாது, அளவைப் பாதியாக்கவும் கூடாது. மின் கட்டணம் கட்டாமல் மின்சாரம் துண்டிக்கப்பட்டால் குளிர்சாதனப் பெட்டி நின்றுவிடும். அப்போது ஒரு பெரிய மண்சட்டியில் மணல் போட்டு, அதற்குள் சின்ன மண்முட்டி ஒன்றை வைத்து, மணலை ஈரமாகவே வைத்திருங்கள். இன்சுலினை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி முட்டிக்குள் வைத்து, ஈரத்துணியால் மூடி, நிழலில் வையுங்கள். திறந்த போத்தலை நான்கு கிழமைக்குமேல் பாவிக்க வேண்டாம். தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கினாலோ, எந்த இன்சுலினிலும் துகளோ கட்டியோ தெரிந்தாலோ எறிந்துவிடுங்கள்.

வவுனியா, அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் சிறுநீரக நோயாளர் இருக்கும் வீடுகளில் இன்னொன்றைக் கவனியுங்கள். சுத்திகரித்த தண்ணீரைக் கேன் கேனாகக் காசு கொடுத்து வாங்கியவர்கள் பழையபடி கிணற்றுக்குத் திரும்பியிருப்பார்கள். சங்கம் நடத்தும் தண்ணீர் நிலையமாக இருந்தால் அந்த வீடுகளுக்கு மட்டும் காசு வாங்காமல் விடுங்கள். ஒரு நிலையத்துக்கு அது தாங்கக்கூடிய நட்டம்தான்.

படி 8: பாடசாலை

2024 மார்ச்சிலிருந்து தரம் 1 முதல் 5 வரை ஏறக்குறைய 16 இலட்சம் மாணவருக்குப் பாடசாலை உணவு விரிவாக்கப்பட்டது, அப்போது ஒரு பிள்ளைக்கு 110 ரூபா ஒதுக்கினார்கள். நல்ல திட்டம். ஆனால் தரம் 6க்குப் போனதும் பல இடங்களில் பிள்ளைக்கு அந்தச் சாப்பாடு இல்லை. விடுமுறையில் யாருக்கும் இல்லை. ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளுக்குக் குழுச்சமையலைத் திட்டமிடுங்கள். திங்கட்கிழமை காலையில் மயங்கி விழும் பிள்ளையின் பெயரை வகுப்பாசிரியர் உங்களுக்குச் சொல்லட்டும், சனி ஞாயிறு அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அதிலிருந்து தெரியும்.

படி 9: கடனும் மனமும்

வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் என்ன செய்தது என்று சொல்லத் தேவையில்லை. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடனை அரசு தள்ளுபடி செய்யும் அளவுக்கு அது போனது. கொடுப்பனவு நின்ற வீட்டுக்கு முதலில் வந்து கதவைத் தட்டுவது கிழமைக் கடன் கொடுப்பவர்தான். புதிய கடன் எடுக்குமுன் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லும்படி கேளுங்கள். சங்கத்தில் சிறு சேமிப்பு இருந்தால் அதிலிருந்து வட்டியில்லாமல் கைமாற்றாகக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள்.

நித்திரை இல்லாமை, யாரோடும் பேசாமல் இருப்பது, ‘நான் இல்லாவிட்டால் இவர்களுக்கு நிம்மதி’ என்ற பேச்சு ஆகியவற்றைக் கேட்டும் கேளாததுபோல் விடாதீர்கள். நேரடியாகக் கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அன்றைக்கு அவரைத் தனியாக விடாமல் ஒருவர் கூட இருங்கள். 1926 தேசிய மனநலத் தொலைபேசிச் சேவை, அவசரம் என்றால் 1990 அம்புலன்ஸ், இரண்டும் கட்டணமில்லை. தோட்டக்காரர் வீடுகளில் பூச்சிமருந்து வீட்டுக்கு வெளியே, பூட்டிய பெட்டியில், திறப்பு வேறொருவரிடம் இருக்கட்டும். கசிப்பும் அடியும் கூடும் வீட்டில் பெண்ணுக்கு 1938, பிள்ளைக்கு 1929.

படி 10: தண்ணீர், நுளம்பு, தடுப்பூசி

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பி.எச்.ஐ. எனப்படும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் மிட்வைஃபும் இதை நன்றாகவே செய்கிறார்கள். விட்டுப்போன தடுப்பூசி உண்டா என்று கொப்பி பாருங்கள். கொதிக்கவைக்க விறகில்லாத வீட்டுக்குக் குளோரின் குளிசையைப் பி.எச்.ஐ.யிடம் கேளுங்கள். சவர்க்காரத்தைப் பொதியில் கட்டாயம் சேருங்கள், அரிசி தருபவர் எல்லோரும் அதை மறக்கிறார்கள். பெண்பிள்ளைகளின் அணையாடையும் அப்படித்தான்.

படி 11: மேலே சொல்ல வேண்டியதை எழுத்தில் சொல்லுங்கள்

மூன்று மாதத்துக்குள் உங்கள் கொப்பியில் ஒரு உண்மை தெரியும். எத்தனை வீட்டில் கொடுப்பனவு நின்றது, அதில் எத்தனை பிள்ளைகளின் நிறைக்கோடு தட்டையானது, எத்தனை பேர் கிளினிக்கை விட்டார்கள். பெயர்களை நீக்கி, எண்களை மட்டும் ஒரே பக்கத்தில் எழுதி, சுகாதார வைத்திய அதிகாரிக்கும் பிரதேச செயலாளருக்கும் ஒரே நாளில் கொடுங்கள். இந்த இரண்டு அலுவலகமும் பெரும்பாலும் ஒரே வீதியில் இருக்கும். ஆனால் ஒன்றில் வெட்டப்பட்ட குடும்பம் எதுவென்று மற்றதுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் விழுகிறார்கள்.

கேட்க வேண்டியவை நியாயமான, செய்யக்கூடிய காரியங்களாக இருக்கட்டும். கொடுப்பனவை நிறுத்துமுன் எழுத்தில் அறிவித்தல். மேன்முறையீடு முடியும் வரை கர்ப்பிணி, இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை, இரத்தச் சுத்திகரிப்பு செய்யும் நோயாளி உள்ள வீட்டுக்கு நிறுத்தாதிருத்தல். ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாகக் குறைத்தல். உணவு முத்திரைக்கு நேர்ந்தது மறுபடி நேராதபடி தொகையை விலைவாசியோடு சேர்த்து உயர்த்துதல். உலக வங்கியின் கணக்கில் 2019இல் 11 வீதமளவில் இருந்த வறுமை 2023இல் நான்கில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தது. அத்தனை பேரின் நிலையும் ஒரு தடவை எடுத்த கணக்கெடுப்பில் அப்படியே நிற்காது, தொழில் போன வீட்டுக்கு இடையில் மீள்மதிப்பீடு வேண்டும் என்றும் கேளுங்கள்.

காசு திரும்பி வந்தால்

மேன்முறையீடு வென்று சிலருக்கு நிலுவை மொத்தமாக வரும். கடன்காரருக்கு அந்தச் செய்தி உங்களுக்கு முன்னமே தெரிந்திருக்கும். அந்தக் கிழமையே வீட்டாரோடு இருந்து கணக்குப் போடுங்கள். விட்டுப்போன கிளினிக்கும் வாங்காமல் விட்ட மருந்தும் முதலில், மின் பட்டியலும் தண்ணீரும் அடுத்தது, கடைக் கொப்பியில் பாதியையாவது அடைப்பது அதற்கு அடுத்தது. கடைக்காரர் மறுபடி கடன் தந்தால்தான் அடுத்த மாதம் பருப்பு வரும். நுண்கடன்காரருக்குத் தவணையை மட்டும் கட்டுங்கள், மொத்தத் தொகையையும் தூக்கிக் கொடுக்க வேண்டாம்.

உங்கள் பட்டியலிலிருந்து அந்த வீட்டை உடனே வெட்டிவிடாதீர்கள். பிள்ளையின் நிறைக்கோடு மூன்று மாதம் தொடர்ந்து மேலே ஏறிய பிறகு, நோயாளி இரண்டு கிளினிக்கைத் தவறாமல் போன பிறகு, பெயருக்கு நேரே கோடு போடுங்கள்.